மக்காச்சோளத்தின் எடையும் அதன் சத்தும்

பொருளின் எடை வேறு, அதன் பயன் வேறு என்பதை நம் நெசவாள அங்கத்தினர்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் ஒரு பவுண்டில் எத்தனை நிற்கின்றன என்று எண்ணியே நூலின் நம்பரை நிர்ணயிக்கிறோம். ஈரம் ஏறிய நூல் தராசில் கூடுதலாக நிற்கும். தறியில் ஒரு கெஜமும் கூடாது. நூலில் நமக்குள்ள இந்தத் தெளிவு மக்காச்சோளத்தில் ஏன் இருக்கக் கூடாது?

ஆத்தூர், தலைவாசல், இராசிபுரம் பக்கங்களில் விளையும் மக்காச்சோளம் நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனமாகிறது. வெண்பன்றி வளர்ப்போரும் அதையே நாடுகின்றனர். கலப்புத் தீவனத்தில் ஏறக்குறையச் சரிபாதியோ அதற்கு மேலோ இத்தானியமே. ஆதலின் இதன் சத்தைத் தவறாகக் கணித்தால் தீவனம் முழுவதுமே தவறிவிடும்.

சத்து என்று இங்கே நாம் குறிப்பது, உடல் இயங்கவும் வளரவும் தேவையான ஆற்றலை. அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கழகம் 2012-இல் வெளியிட்ட பன்றித் தீவன அட்டவணையின்படி, ஒரு கிலோ மக்காச்சோளத்தை ஆய்வுக் கருவியில் எரித்தால் சுமார் 3,900 கிலோ கலோரி வெளிப்படும். பன்றியின் சாணத்தில் கழிவது போக 3,450 எஞ்சும். சிறுநீரில் கழிவதையும் நீக்கினால் சுமார் 3,400. செரிக்கும்போது உடற்சூடாகச் செலவாவதையும் கழித்தால், பன்றிக்கு உண்மையில் பயன்படுவது ஏறக்குறைய 2,650 தான்.

இந்த எண்கள் நூற்றுக்குச் சுமார் 12 பங்கு ஈரமுள்ள தானியத்துக்கு உரியவை. அதாவது 100 கிலோவில் 88 கிலோ உலர்பொருள். ஈரம் 18 பங்கானால் உலர்பொருள் 82 கிலோவாகக் குறைகிறது; 3,400 என்ற எண் சுமார் 3,170 ஆகிவிடுகிறது. தண்ணீரில் கலோரி கிடையாது. குவிண்டால் 2,400 ரூபாய் என்று கொண்டால், வாங்குபவர் ஏறக்குறைய 160 ரூபாயைத் தண்ணீருக்குக் கொடுக்கிறார்.

இதனால் நட்டம் வாங்குபவருக்கு மட்டுமே என்று எண்ணுவது பிழை. அதே 82 கிலோ உலர்பொருளை 12 பங்கு ஈரத்துக்குக் காயவைத்துக் கொண்டுவரும் விவசாயியின் மூட்டை 93 கிலோ தான் நிற்கும். எடைக்கு மட்டும் விலை என்றால், களத்தில் உழைத்துக் காயவைத்தவர் குறைவாகப் பெறுகிறார். ஈரத்தோடு கொண்டுவந்தவர் கூடுதலாகப் பெறுகிறார். நேர்மைக்குத் தண்டனையும் அசட்டைக்குச் சன்மானமும் தரும் இம்முறையை ஒரு கூட்டுறவுச் சங்கம் ஏற்கலாகாது.

காயவைக்கக் களம் எங்கே, ஆள் எங்கே என்று விவசாயிகள் கேட்பது நியாயமே. ஐப்பசி, கார்த்திகை மழையில் அறுவடை அகப்பட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்? ஆகவே ஈரத்துக்காக விலையைக் குறைக்கும் சங்கம், உலர்களமும் தார்ப்பாயும் ஏற்பாடு செய்வதும் அவசியம். அறுவடைக் காலத்தில் பொதுக் களத்தை முறை வைத்துப் பகிர்ந்துகொள்வதும் ஆகக்கூடிய காரியமே. ஈரத்தோடு கிடங்கேறும் தானியத்தில் பூசணம் பிடித்து அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகலாம். நஞ்சேறிய தானியத்தில் எத்தனை கலோரி இருந்தும் பயனில்லை.

எனவே நம் யோசனை இது. கொள்முதல் செய்யும் ஒவ்வொரு சங்கமும் ஈரமானி ஒன்றை வைத்திருக்கட்டும். விற்பவரின் கண்ணெதிரில் அளந்து, உலர்பொருளின் அளவுக்கு ஏற்ப விலை கூட்டியும் குறைத்தும் கொடுக்கட்டும். 12 பங்குக்கும் கீழே காயவைத்தவருக்குக் கூடுதல் விலை தராமல், மேலே உள்ளவருக்கு மட்டும் குறைப்பது நீதியன்று. படி எடை குறைவு என்ற ஒரே காரணத்துக்காகச் சத்தும் குறைவு என்று விலையைத் தள்ளுவதும் கூடாது. ஐயம் எழுந்தால் மாதிரி எடுத்து, 1985-இல் தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம்.

விளைவிப்பவரும் நம் அங்கத்தினர். தீவனம் வாங்குபவரும் நம் அங்கத்தினர். இருவருக்கும் பொதுவான அளவுகோல் ஒன்று வேண்டும். தராசு பாதி உண்மையைத்தான் சொல்லும். மீதியை ஈரமானியிடம் கேட்போம். வரும் அறுவடைக்கு முன் கூடும் பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் இதை விவாதித்து முடிவு செய்வார்களாக.