பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாங்க, ஓ.டி. பணத்துல மட்டும் வேண்டாம்



சேனலுக்கு வர்ற கேள்விகள்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒண்ணு இருக்கு. "சார், 5 லட்சம் பட்ஜெட். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். பின்னாடி ரேட் ஏறும்ங்கறாங்க. நல்ல இன்வெஸ்ட்மென்ட்தானே?" கேக்கறவங்கள்ல நிறைய பேரு நம்ம திருப்பூர்க்காரங்க. இருபது, முப்பது மெஷின் போட்டு ஜாப் ஒர்க் பண்றவங்க.

என் பதில் இதுதான். வாங்குங்க. ஆனா இன்வெஸ்ட்மென்ட்னு நினைச்சு வாங்காதீங்க, யூனிட் பணத்துல வாங்காதீங்க. ஏன்னு கணக்கோட சொல்றேன்.

நம்ம பட்ஜெட்டுக்கு எது கிளாசிக்?

போர்ஷே, ஃபெராரி எல்லாம் இந்தக் கட்டுரைக்கு வெளிய. நம்ம பக்கத்துப் பசங்க தேடறது 1998-லிருந்து 2005 வரைக்கும் வந்த வண்டிகள். ஃபோர்டு ஐகான் 1.6, ஃபியட் பாலியோ 1.6, ஹோண்டா சிட்டி விடெக், மிட்சுபிஷி லான்சர், டர்போ இன்ஜின் வச்ச ஸ்கோடா ஆக்டேவியா வி.ஆர்.எஸ். ரெண்டு சீட் ஓப்பன் கார்தான் வேணும்னா கோவாவுல தயாரான சான் ஸ்டார்ம். இதுல ஐகான் மறைமலை நகர்லயும், லான்சர் திருவள்ளூர்லயும் செஞ்ச வண்டிங்க.

எதை எடுக்கறதுன்னு குழப்பமா இருந்தா, கோயம்புத்தூர் கரிவரதனை நினைச்சுக்கோங்க. செட்டிபாளையம் ரேஸ் டிராக்குக்கு அவர் பேருதான் வச்சிருக்காங்க. 1980-கள் கடைசியில அவர் ரேஸ் கார் செஞ்சப்ப உள்ள வச்சது மாருதி 800 இன்ஜின். வெளிநாட்டு இன்ஜினைத் தேடிப் போகல. நான் இதுல எடுத்துக்கற பாடம், ஸ்பேர் எங்க கிடைக்கும்னு முதல்ல பாரு, ஆசையை அப்புறம் பாரு. ஃபோர்டு 2021-ல இந்தியாவுல உற்பத்தியை நிறுத்தறதா அறிவிச்சுது. ஃபியட்டும் மிட்சுபிஷியும் இப்ப இங்க கார் விக்கறதில்ல. அதனால வண்டியைப் பாக்கறதுக்கு முன்னாடி, அந்த மாடலைக் கழட்டி மாட்டத் தெரிஞ்ச மெக்கானிக் திருப்பூர்லயோ கோவையிலயோ இருக்காரான்னு பாருங்க. இல்லைன்னா அந்த மாடலை விட்டுருங்க.

வாங்கற விலை வேற, ஆகற செலவு வேற

5 லட்சம் பட்ஜெட்னா 3 லட்சத்துக்கு மேல வண்டிக்குக் கொடுக்காதீங்க. 1.5 லட்சம் முதல் வருஷ வேலைக்கு. சஸ்பென்ஷன், கிளட்ச், டயர், ரேடியேட்டர், ஏ.சி., வயரிங்னு வரிசையா வந்து நிக்கும். மீதி 50 ஆயிரம் எதிர்பாராத செலவுக்கு.

இன்னொண்ணு, இப்ப பங்க்ல ஊத்தறது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். இருபது வருஷத்துக்கு முந்தின வண்டியோட ஃபியூல் பைப், ரப்பர் சீல், கேஸ்கெட் எல்லாம் இதுக்காகச் செஞ்சது இல்ல. எடுத்த உடனே இதை மாத்திடறது நல்லது.

அப்புறம் நிரந்தரச் செலவு. 1,500 சி.சி.க்கு மேல போனா தேர்டு பார்ட்டி பிரீமியம் மட்டும், 2022 ஜூன்ல நிர்ணயிச்ச கணக்குப்படி, 7,897 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. சிட்டி விடெக் மாதிரி 1,500-க்குள்ள இருந்தா 3,416. ரெண்டும் பாக்க ஒரே மாதிரி வண்டிதான், பிரீமியம் ரெண்டு மடங்குக்கு மேல.

சரி, 5 வருஷம் வச்சிருந்து விக்கறீங்கன்னு வச்சுக்குவோம். வண்டி 3 லட்சம், முதல் வருஷ வேலை 1.5 லட்சம், அப்புறம் வருஷத்துக்கு 40 ஆயிரம் வீதம் 2 லட்சம். மொத்தம் 6.5 லட்சம். போட்ட காசு திரும்ப வரணும்னாலே 3 லட்சத்துக்கு வாங்கின வண்டி ரெண்டு மடங்குக்கு மேல விக்கணும். வட்டி, பணவீக்கம் எதையும் நான் இதுல சேக்கல. அப்படி விக்கற வண்டிகளும் இருக்குங்க. அதை நம்பி பணம் போடாதீங்கன்னுதான் சொல்றேன்.

பணம் எங்கிருந்து வருது?

எனக்கு இதுதான் முக்கியமான கேள்வி. "5 லட்சம் இருக்கு"ன்னு சொல்றவங்ககிட்ட எங்க இருக்குன்னு கேட்டா, பல சமயம் "ஓ.டி. லிமிட்ல இருக்கு சார்"னு பதில் வரும். அது உங்க பணம் இல்லைங்க. பேங்க்காரன் உங்க ஸ்டாக்கையும் வரவேண்டிய பில்லையும் பாத்துக் கொடுத்த பணம்.

5 லட்சத்துக்கு 11 சதவீதம்னு வச்சாலும் வருஷத்துக்கு 55 ஆயிரம் வட்டி. ஈ.எம்.ஐ.யா இருந்தா மாசாமாசம் அசல் குறையும். ஓ.டி.யில அது அப்படியே நிக்கும். அடுத்த மாசம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுக்கறப்ப அந்த 5 லட்சத்துக்கு நூலும் இல்ல, துணியும் இல்ல, பில்லும் இல்ல. ட்ராயிங் பவர் குறையும். தொழிலுக்கு வாங்கின பணத்தைச் சொந்தச் செலவுக்குத் திருப்பிவிட்டதா பேங்க் கேள்வி கேக்கும்.

வட்டியை விடப் பெரிய விஷயம் சனிக்கிழமை. 40 பேரு வேலை செய்யற யூனிட், ஆளுக்கு வாரம் 3,500 ரூபாய்னா 1.4 லட்சம் சம்பளம். 5 லட்சம்ங்கறது மூணரை வாரச் சம்பளம். 2025 ஆகஸ்ட் 27-லிருந்து அமெரிக்கா நம்ம சரக்குக்கு 50 சதவீத வரி போட்டப்ப என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும். ஆர்டர் தள்ளிப் போச்சு, பில் பாஸாகல. அந்த மாதிரி நேரத்துல லிமிட்ல இடம் வச்சிருக்கறவங்க சம்பளம் போட்டு ஆளைத் தக்க வச்சுக்கலாம். இடம் இல்லாதவங்க டைலரை அனுப்பிட்டு, ஆர்டர் திரும்பி வர்றப்ப ஆளைத் தேடி அலையணும். ஷெட்ல நிக்கற லான்சரை அந்த வாரமே வித்துக் காசாக்க முடியாதுங்க. பழைய வண்டிக்கு வாங்கறவன் கிடைக்கவே மாசக்கணக்காகும்.

"கம்பெனி பேர்ல எழுதிக்கலாமா சார்?"

எழுதிக்காதீங்க. காருக்கு ஜி.எஸ்.டி. இன்புட் கிடைக்காது. தேய்மானம் வருஷத்துக்கு 15 சதவீதம் கிடைக்கும், ஆனா தொழிலுக்குப் பயன்படுத்தின அளவுக்குத்தான். ஞாயித்துக்கிழமை மட்டும் ஓடற ஸ்போர்ட்ஸ் காரை டெலிவரிக்கு வச்சிருக்கேன்னு யாரும் நம்பப் போறதில்ல. விக்கறப்பவும், தேய்மானம் போகப் புத்தகத்துல நிக்கற மதிப்புக்கு மேல கிடைக்கற தொகைக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கட்டணும். 2025 ஜனவரி 16-லிருந்து இதுதான் ரேட்.

சொந்தப் பேர்ல, சொந்த உபயோகத்துக்கு வாங்கினா அது வருமான வரிச் சட்டப்படி மூலதனச் சொத்தே இல்ல. லாபம் வந்தா வரி கிடையாது, நஷ்டம் வந்தா எதுலயும் கழிக்க முடியாது. ஆனா வருஷத்துக்கு நாலு வண்டி வாங்கி வித்தா அது வியாபாரம்.

விக்கறவரு மொத்தத்தையும் கேஷா கேட்டா ஒத்துக்காதீங்க. ஒரே டீல்ல 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கினா, வாங்கினவருக்கு அதே அளவு அபராதம். ரெண்டு மூணு நாளா பிரிச்சு வாங்கினாலும் தப்பிக்க முடியாது. உங்களுக்கும் கொடுத்ததுக்கு ஆதாரம் வேணும். பேங்க்லயே அனுப்புங்க.

அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி

1. ஆர்.சி. தேதி. சொந்தக் காருக்கு ரிஜிஸ்ட்ரேஷன் 15 வருஷம், அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். 20 வருஷம் தாண்டின காருக்குப் புதுப்பிக்கற கட்டணத்தை 2025 ஆகஸ்ட்ல 10,000 ரூபாய் ஆக்கிட்டாங்க. பசுமை வரி தனி. தேதி முடிஞ்ச வண்டின்னா அந்தச் செலவை விலையில குறைச்சுப் பேசுங்க.

2. டெல்லி வண்டி. 15 வருஷம் தாண்டின பெட்ரோல் வண்டிக்கு அங்க தடை வந்ததால மலிவா தள்ளிவிடறாங்க. என்.ஓ.சி. இல்லாம இங்க பேர் மாத்த முடியாது, தமிழ்நாட்டு ஆயுள் வரியும் கட்டணும். இதைக் கூட்டினா மலிவு காணாமப் போயிரும்.

3. ஹைப்போதிகேஷன். பழைய லோன் ஆர்.சி.யில அப்படியே இருந்தா, பேங்க் கையெழுத்துப் போட்ட ஃபார்ம் 35 கைக்கு வராம பணம் கொடுக்காதீங்க.

4. பேர் மாத்தறது. ஃபார்ம் 29, 30 அன்னைக்கே கையெழுத்து வாங்கிருங்க. "அப்புறம் பாத்துக்கலாங்க"ங்கற பேச்சே வேண்டாம்.

5. 50 வருஷம் தாண்டின வண்டி. சென்னையில தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு மாதிரி கிடைச்சா வின்டேஜ் ரிஜிஸ்ட்ரேஷன் பண்ணலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். கண்காட்சி, ரேலிக்கு ஓட்டலாம், தினமும் ஓட்டக் கூடாது.

யாரு வாங்கலாம்?

மூணு வார சம்பளம் தனியா இருக்கணும். வீட்டுக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் இருக்கணும். கார் பணம் உங்க சொந்த சேவிங்ஸ் அக்கவுண்ட்ல இருக்கணும், அது மொத்தமா போனாலும் பசங்க ஃபீஸுக்குத் தடை வரக் கூடாது. மூணும் சரியா இருந்தா தாராளமா வாங்குங்க. பன்னெண்டு மணி நேர ஷிஃப்ட் பாத்து வளர்ந்தவங்களுக்கு ஞாயித்துக்கிழமை காலையில தாராபுரம் ரோட்ல ஒரு நல்ல இன்ஜின் சத்தம் கேக்கற உரிமை இருக்கு. அதை டூர் போற செலவு மாதிரி செலவுக் கணக்குல எழுதுங்க.

மூணுல ஒண்ணு இல்லைன்னா ஒரு வருஷம் தள்ளிப் போடுங்க. மாசம் 25 ஆயிரம் ஆர்.டி. போட்டா ஒரு வருஷத்துல 3 லட்சம் ஆயிரும், அதுதான் வண்டி விலை. வேலைக்கான மீதி 2 லட்சத்துக்கு இன்னும் எட்டு மாசம். அதுக்குள்ள நல்ல மெக்கானிக்கையும் தேடி வச்சிருங்க.