எந்த ஊரு தம்பி?

‘நெட்வொர்க்கிங்’ என்ற சொல் நம்ம கல்லூரிகளுக்குள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. தமிழில் ‘தொடர்பு வளர்த்தல்’ என்று போடுகிறார்கள். அறிவிப்புப் பலகையில் மாதத்துக்கு ரெண்டு நோட்டீஸாவது தொங்குகிறது. ஒன்று தொழிலதிபர்கள், மனிதவள அதிகாரிகள், முன்னாள் மாணவர்களோடு ‘சந்திப்பு’. இன்னொன்று பொதுக்கொள்கை பற்றிய ‘வட்டமேசை’. நடப்பது கல்லூரியில் அல்ல, ஊருக்குள் இருக்கிற ஏசி ஓட்டலில். பதிவுக் கட்டணம் உண்டு. கழுத்துப்பட்டை, கறுப்பு ஷூ என்று உடைக்கும் விதி உண்டு. சாதி என்ற சொல் மட்டும் அந்த நோட்டீஸில் எங்கேயும் இருக்காது. ஆகவே அதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நான் தூத்துக்குடி உப்பளத்துக்காரன். அப்பனும் ஆத்தாளும் பாத்தியில் நின்று உப்பு வாரியவர்கள். இப்போது ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். அந்த ‘கௌரவம்’ எவ்வளவு என்பது சம்பளம் வாங்குகிறவனுக்குத் தெரியும், விடுங்கள்.

இந்தக் கூட்டங்கள் திடீரென்று பெருகியதற்குக் காரணம் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 4 அன்று சில்லாநத்தத்தில் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலையை முதலமைச்சர் திறந்து வைத்தார். அதே நாள் தூத்துக்குடி முதலீட்டாளர் மாநாட்டில் ரூ.32,500 கோடிக்கு மேல் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. அந்தப் பக்கம் குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் வருகிறது. கம்பெனி வரட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வருகிற வேலை எந்த வழியாக யார் கைக்குப் போகிறது என்பதுதான் என் கேள்வி.

பேப்பரில் விளம்பரம் போட்டு, பரீட்சை வைத்து, இனச்சுழற்சிப்படி ஆள் எடுத்த காலத்தில் வேலைக்கு வாசல் என்று ஒன்று இருந்தது. துறைமுகத்தில் அப்படி உள்ளே போன நம்மாட்கள் உண்டு. 1990களின் இறுதியில் சரக்குப்பெட்டக முனையம் தனியார் கைக்குப் போனது. தனியார் கையில் போனதில் இடஒதுக்கீடு இல்லை. தனியார் துறையிலும் ஒதுக்கீடு பற்றிப் பேசுவோம் என்று 2004இல் ஆட்சிக்கு வந்தவர்கள் குறைந்தபட்சப் பொதுத் திட்டத்தில் எழுதி வைத்தார்கள். 2006இல் முதலாளிகளின் சங்கங்கள், ‘சட்டம் வேண்டாம், நாங்களே மனமுவந்து பார்த்துக்கொள்கிறோம்’ என்றன. அந்த மனம் உவந்த கதை நமக்குத் தெரியும். வாசல் அடைபட்ட இடத்தில்தான் இந்தக் கைகுலுக்கல் வந்து நிற்கிறது.

நான் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போன ஒரு சந்திப்பில் கேட்டதை அப்படியே எழுதுகிறேன். காபி கோப்பையோடு நின்ற அதிகாரி நம்ம பையனிடம் ரொம்பப் பிரியமாகத்தான் கேட்டார்.

“எந்த ஊரு தம்பி?”

“தூத்துக்குடி சார்.”

“தூத்துக்குடில எங்க?”

ஊர்ப் பேரைச் சொன்னான்.

“ஓ. அங்க எந்தத் தெரு?”

சொன்னான்.

“அப்பா என்ன பண்றாங்க?”

“உப்பளம் சார்.”

“சொந்த அளமா?”

“இல்ல சார், வேலைக்குப் போறாங்க.”

“சரி சரி, நல்லாப் படிங்க.” அவர் அடுத்த பையனிடம் திரும்பிவிட்டார். அந்த அடுத்த பையன் கையில்தான் அவருடைய விசிட்டிங் கார்டு போய்ச் சேர்ந்தது. இவனிடம் அவன் படிப்பைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது.

தமிழ்நாட்டில் பேருக்குப் பின்னால் சாதிப்பட்டம் போடுவதை ஒழித்தோம் என்று பெருமை பேசுகிறோம். நியாயமான பெருமைதான். பேரில் இருந்து போனது ‘எந்த ஊரு, எந்தத் தெரு’வில் வந்து உட்கார்ந்துகொண்டது. வடக்கே இந்தச் சிரமம்கூட இல்லை. சுகதேவ் தோரட்டும் பால் அட்வெலும் செய்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பேரை மட்டும் மாற்றிக் கம்பெனிகளுக்கு அனுப்பினார்கள். மேல்சாதிப் பேருக்கு அழைப்பு வரும் வாய்ப்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் தலித் பேருக்குக் கிடைத்தது. அதே ஆண்டு சுரிந்தர் ஜோத்காவும் காதரின் நியூமனும் மனிதவள அதிகாரிகளிடம் பேசி எழுதினார்கள். ‘எங்களுக்குத் தகுதிதான் முக்கியம்’ என்று சொன்ன அதே வாய்தான் ‘குடும்பப் பின்னணியும் பார்ப்போம்’ என்றது. 2012இல் இன்னொரு ஆய்வு இந்தியாவின் பெரிய 1,000 கம்பெனிகளின் இயக்குநர்கள் 9,052 பேரைச் சாதிவாரியாகப் பிரித்துப் பார்த்தது. நூற்றுக்கு 93 பேர் முற்பட்ட சாதிகள். பட்டியல் சாதி, பழங்குடி இரண்டும் சேர்ந்தே 3.5.

இப்படி ஆனதற்கு என்ன பேர்? அதுதானே ‘நெட்வொர்க்கிங்’! ஒரே தெருவில் பிறந்து, ஒரே கல்யாணத்தில் சாப்பிட்டு, அக்கா மகனை மச்சான் கம்பெனியில் சேர்த்துவிடுகிற வேலையை இந்த நாட்டில் சாதி ஆயிரக்கணக்கான வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறது. நம்ம தென்மாவட்டங்களில் பள்ளிக்கூடத்திலேயே கையில் கலர் கயிறு கட்டிப் பயிற்சி ஆரம்பமாகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவன் வீடு புகுந்து வெட்டப்பட்டான். அதன்பின் அமைத்த நீதிபதி சந்துரு குழு, கயிறு கட்டத் தடை வேண்டும் என்று 2024இல் அறிக்கை தந்தது. கயிற்றை அவிழ்த்துவிடலாம். ஓட்டல் ஹாலில் கண்ணுக்குத் தெரியாத கயிற்றை எந்தக் குழு அவிழ்க்கும்?

நம்மில் சில பேர் சொல்கிறார்கள்: ‘புலம்பாதே, நம்ம பிள்ளைகளும் இங்கிலீஷ் பழகட்டும், ஷூ போடட்டும், கலந்து பழகட்டும்.’ பழகட்டும், நானே சொல்லிக் கொடுக்கிறேன். ஆனால் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்து, லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா வந்த அம்பேத்கரைவிடப் பெரிய ‘தொடர்பு’ யாருக்கு இருந்தது? வேலை கொடுத்தவர் மகாராஜா. தங்க இடமில்லாமல் பார்சி விடுதியில் பேரை மாற்றித் தங்கினார். தடியோடு வந்து வெளியேற்றினார்கள். அவர் அதற்கப்புறம் கார்டு சேகரிக்கப் போகவில்லை. 1930இல் இரட்டைமலை சீனிவாசனோடு லண்டன் வட்டமேசையில் போய் உட்கார்ந்து உரிமை கேட்டார். இன்று நம்ம பிள்ளைகள் வாங்குகிற மத்திய அரசு உதவித்தொகை 1944இல், அவர் வைஸ்ராய் நிர்வாக சபையில் இருந்த காலத்தில் தொடங்கியது. இப்போது ஓட்டலில் போடுகிற மேசைக்கும் ‘வட்டமேசை’ என்றே பேர் வைக்கிறார்கள்!

அந்த மேசைக்கு வருவோம். கடலோர வளர்ச்சி, உப்புத் தொழிலின் எதிர்காலம் என்றெல்லாம் தலைப்பு. நான் போய் உட்கார்ந்த ரெண்டு கூட்டத்திலும் மேடையில் உப்பு வாருகிற ஒரு பொம்பளை கிடையாது. காலெல்லாம் வெடித்து, கண் கூசி, மழைக்காலத்தில் வேலையில்லாமல் கடன் வாங்குகிறவளுக்குக் கொள்கை தெரியாதா? மழைக்கால நிவாரணம் ரூ.5,000 என்று 2022இல் அரசு கொடுக்க ஆரம்பித்ததே, அது எந்த ஓட்டல் கருத்தரங்கிலும் முளைத்ததல்ல. அளத்தில் நின்றவர்கள் வருஷக்கணக்காகக் கேட்டது.

கொள்கை பேச நம்ம ஜனத்துக்குத் தெரியும். கேட்கத்தான் ஆளில்லை. 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை இங்கிலீஷிலும் இந்தியிலும் வெளியிட்டுவிட்டுக் கருத்துச் சொல்லு என்றார்கள். மக்கள் கருத்துக் கேட்புக்கான 30 நாளை 20 ஆகக் குறைக்கிற வரைவு அது. எல்லா மொழியிலும் பெயர்த்துப் போடச் சொல்லி டெல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டால், ஒன்றிய அரசு உச்சநீதிமன்றத்துக்கு ஓடியது. இந்த ஊரில் நடந்த மிகப் பெரிய பொதுக்கொள்கைக் கூட்டம் 2018 மே 22இல் நடந்தது. மீனவர், வியாபாரி, கூலிக்காரர், மாணவர் என்று பதிவுக் கட்டணம் இல்லாமல், ஷூ இல்லாமல், ஸ்டெர்லைட்டை மூடு என்று கலெக்டர் ஆபீசுக்கு நடந்தார்கள். 13 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். தூண்டுதல் ஏதுமின்றிச் சுட்டார்கள் என்று நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் எழுதியது 2022இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. பொதுக்கொள்கை படிக்கிற நம்ம மாணவனுக்கு அந்த அறிக்கை பாடமாக இருக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள்.

அடுத்த சந்திப்புக்கு நோட்டீஸ் வந்தாயிற்று. நானும் சில மாணவர்களும் நிர்வாகத்துக்கு ஒரு மனு கொடுத்திருக்கிறோம். கூட்டம் கல்லூரி வளாகத்தில், தமிழில் நடக்க வேண்டும், கட்டணம் கூடாது, வெளியூர்ப் பிள்ளைகளுக்குப் பஸ் காசு கொடுக்க வேண்டும். கம்பெனிக்காரர் ஊரையும் தெருவையும் அப்பன் தொழிலையும் கேட்கக் கூடாது என்று எழுத்தில் போட வேண்டும். யார் யாருக்கு வேலை கிடைத்தது என்பதைச் சாதிவாரியாகப் பலகையில் ஒட்ட வேண்டும். கொள்கைக் கூட்டம் என்றால் உப்பளத் தொழிலாளி ரெண்டு பேர், அதில் ஒருவர் பெண், மேடையில் உட்கார வேண்டும்; அன்றைய கூலியைக் கல்லூரி கொடுக்க வேண்டும். கடைசிக் கோரிக்கையைப் படித்த அதிகாரி, ‘கூலிக்கெல்லாம் கணக்குத் தலைப்பு இல்லையே’ என்றார். சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடைக்கும் பூங்கொத்துக்கும் எந்தத் தலைப்பில் எழுதுகிறீர்கள் என்று கேட்டு ரெண்டாவது மனு போட்டிருக்கிறோம்.