டெக்கைத் திறக்காமல் விலை சொல்லாதீர்கள்

பழைய ஃபைபர் படகைக் கரையேற்றிக்கொண்டு பட்டறைக்கு வருகிறவர் பெரும்பாலும் ஒரே வரியைத்தான் சொல்கிறார்: “டெக் அமுங்குதுண்ணே, அதை மட்டும் மாத்திக் குடுங்க.” நாமும் டேப்பை இழுத்து அளந்து, சதுர அடிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு முன்பணம் வாங்கிவிடுகிறோம். இந்தப் பழக்கத்தை நாம் விட்டாக வேண்டும்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, கட்டுமரம் கிடந்த கரைகளில் எல்லாம் ஃபைபர் படகு வந்து இறங்கியது. 2005, 2006 ஆண்டுகளில் தேவையும் பெரிது, அவசரமும் பெரிது. மோல்டில் கை பழகாதவர்கள் பலர் அப்போதுதான் தொழிலுக்கு வந்தார்கள். அந்தப் படகுகளில் இன்றும் கடலுக்குப் போகிறவற்றுக்கு இருபது வயதாகிவிட்டது. ஹல்லின் வெளித்தோல் பல படகுகளில் இன்னும் கெட்டியாகவே இருக்கிறது. கண்ணாடி இழை மக்குவதில்லை. மக்கியிருப்பது உள்ளே நாம் வைத்து மூடிய மரம்.

டெக் தானாக அமுங்குவது குறைவு. அதைத் தாங்கும் ஸ்ட்ரிங்கர் கீழே கைவிட்டிருக்கும். அந்த ஸ்ட்ரிங்கர் ஏன் கெட்டது என்று பின்னோக்கிப் போனால், பெரும்பாலும் ஒரு சின்ன ஓட்டையில் போய் நிற்போம். அடியில் தேங்கும் தண்ணீர் பம்புக்கு ஓடிவர ஸ்ட்ரிங்கரில் துளை போடுகிறோம் அல்லவா, அதுதான். டிரில் போட்டதோடு வேலை முடிந்ததாக விட்டுவிட்டால், துளையின் உள்வட்டத்தில் பச்சை மரம் அப்படியே திறந்து கிடக்கும். வெளியே மூன்று அடுக்கு மேட், நடுவே தண்ணீரை உறிஞ்சும் வாய். அந்தத் துளையில் ஒரு துண்டு பி.வி.சி. பைப்பை ரெசின் பேஸ்ட்டில் அமுக்கி ஒட்டியிருந்தால் போதும். செலவு என்று சொல்லவே கூச்சமான செலவு அது.

கடல் தண்ணீர்தான் படகைத் தின்கிறது என்று உரிமையாளர் நினைப்பார். உண்மையில் உப்பு பூஞ்சையை ஓரளவு தடுக்கும். மழைத் தண்ணீர்தான் மரத்துக்கு எமன். ஐப்பசி, கார்த்திகையில் கவிழ்க்காமல், மூடாமல் கரையில் போட்ட படகுக்கு, ஆண்டு முழுக்கக் கடலில் ஓடிய படகைவிடச் சேதம் கூடுதலாக இருப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். மரத்தின் ஈரம் ஏறத்தாழ 20 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை வேலையைத் தொடங்கிவிடும்.

திறந்து பார்க்க முதலிலேயே கிரைண்டரை எடுக்க வேண்டியதில்லை. பிளாஸ்டிக் தலை வைத்த சுத்தியலால் டெக் முழுக்கத் தட்டிக்கொண்டே போய், ‘டக்’ என்ற சத்தம் ‘தொப்’ என்று மாறுகிற இடத்தைச் சாக்பீஸால் வளைத்துக்கொள்ளுங்கள். ஈரமானியை நான் அவ்வளவாக நம்புவதில்லை. உப்பு படிந்த பரப்பிலும் உள்ளே போல்ட் இருக்கும் இடத்திலும் அது பொய் சொல்லும். அதைவிட 5 மி.மீ. டிரில் பிட் நம்பகமானது. இன்ஜின் பெட்டுக்குப் பக்கத்தில், ஸ்ட்ரிங்கர் மிகத் தாழ்வாக இருக்கும் இடத்தில், படகுக்குள் இருந்தபடி மேல்தோலில் ஒரு துளை போடுங்கள். தூள் வெளிறிய நிறத்தில் காய்ந்து உதிர்ந்தால் அந்த இடம் பிழைத்தது. கருத்த சேறாகப் பிட்டில் ஒட்டிக்கொண்டு, புளித்த வாடை வந்தால் மேற்கொண்டு பேச்சே இல்லை, திறந்துதான் ஆக வேண்டும். ஒரு ஸ்ட்ரிங்கருக்கு மூன்று, நான்கு இடத்தில் பார்த்துவிட்டு, நல்ல துளைகளை அன்றைக்கே பேஸ்ட் வைத்து அடைத்துவிட வேண்டும்.

வெட்டுவதற்கு முன் படகைத் தாங்க வைக்காமல் போவதுதான் நம் வேலையில் நடக்கும் பெரிய தவறு. டெக்கும் ஸ்ட்ரிங்கரும் போன ஹல் வெறும் தோல். தன் எடையிலேயே வளையும். ஏராக்கால் நீளத்துக்கும் கட்டை கொடுத்து, இரு பக்கமும் முட்டுக் கொடுத்து, விளிம்புகளுக்குக் குறுக்கே சட்டம் போட்டு இறுக்கி, அணியத்திலிருந்து பின்தலை வரை நூல் பிடித்து அளவுகளை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எல்லா ஸ்ட்ரிங்கரையும் ஒரே நாளில் பிடுங்குவது வேகமான வேலைதான். ஆனால் ஹல் வளைந்து நிற்கும்போது புது ஸ்ட்ரிங்கரை ஒட்டினால், அந்த வளைவு நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். பிறகு ஷாஃப்ட் நேருக்கு வராது, இன்ஜின் அதிரும், பழி மெக்கானிக்கின் தலையில் விழும். ஒன்றைக் கழற்றி, புதியதை ஒட்டி, அது இறுகிய பிறகே அடுத்ததில் கை வைக்க வேண்டும். டெக்கை வெட்டும்போது சுற்றிலும் இரண்டு மூன்று அங்குல விளிம்பை விட்டு, பிளேடை டெக்கின் தடிப்புக்கு மட்டும் இறக்குங்கள். அந்த விளிம்புதான் புது டெக் உட்காரும் இடம்.

திறந்தால் தெர்மோகோல் இருக்கும், அல்லது இருந்த இடம் இருக்கும். பாலியஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் தெர்மோகோலைக் கரைத்துவிடும் என்பது நமக்கெல்லாம் தெரியும். தெரிந்தும், மிதவைக்கென்று கட்டிய பெட்டியில் ஈர ரெசினுக்கு நேராக அதைத் திணித்த படகுகள் உண்டு. பி.யு. ஃபோம் கரையாது. ஆனால் ஊற்றி நிரப்பிய ஃபோமுக்குள் இறங்கும் தண்ணீருக்கு வெளியேற வழியில்லை. கரையில் இருக்கும்போதும் படகு அந்த எடையைச் சுமந்துகொண்டே இருக்கும். படகு முன்னைவிடத் தாழ்ந்து மிதக்கிறது என்று உரிமையாளர் சொன்னால் முதல் சந்தேகம் இங்கேதான் விழ வேண்டும். ஃபோம் கட்டைகளை வெட்டி, அடியில் தண்ணீர் ஓட இடைவெளி விட்டு அடுக்கி, திறந்து பார்க்க ஒரு மூடி வைப்பதே என் தேர்வு.

ஒட்டும் வேலையைப் பற்றி இந்த இதழின் வாசகர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் இரண்டொன்று சொல்லத்தான் வேண்டும். இருபது வருடப் பழைய ஃபைபரோடு புது பாலியஸ்டர் வேதியியலாக இணையாது. பிடிப்பு முழுக்க நாம் சுரண்டிய சொரசொரப்பில்தான் இருக்கிறது. 36ஆம் நம்பர் டிஸ்க்கில், பெயிண்டும் அழுக்கும் போய் வெள்ளை இழை தெரியும் வரை தேய்க்க வேண்டும். ஹல்லில் ஓட்டை விழுந்திருந்தால் தடிப்பைப் போல் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவு எடுக்க வேண்டும். 5 மி.மீ. தோலுக்கு 60 மி.மீ. சரிவு என்றால் கண்ணுக்கு வீண் போலத் தோன்றும், வீண் அல்ல. பழைய பரப்பில் முதலில் படுவது மேட் ஆகத்தான் இருக்க வேண்டும், ரோவிங் அதற்கு மேல். ஸ்ட்ரிங்கர் ஹல்லைத் தொடும் மூலையைப் பேஸ்ட்டால் உருட்டிக்கொள்ளாவிட்டால், மேட் அங்கே வளையாமல் தூக்கிக்கொண்டு நிற்கும். உள்ளே காற்று நிற்கும். ஹார்டனரை 1 முதல் 2 விழுக்காட்டுக்குள் வையுங்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று கையளவில் ஊற்றுவதும், கோபால்ட்டையும் ஹார்டனரையும் ஒரே டப்பாவில் நேரடியாகக் கலப்பதும் தொழில் அல்ல. இரண்டாவது செய்கை வெடித்தே விடும்.

எல்லாவற்றுக்கும் எபாக்ஸிதான் சரி என்று ஒரு பேச்சு இப்போது கிளம்பியிருக்கிறது. மரத்தோடு பிடிப்பதில் எபாக்ஸிக்கு நிகரில்லை. ஆனால் நாம் வாங்கும் சாதாரண மேட்டின் பசை ஸ்டைரீனில் கரையும்படி செய்யப்பட்டது. எபாக்ஸியில் அது சரியாக நனையாது. எபாக்ஸி மேல் பாலியஸ்டர் ஜெல்கோட்டும் நம்பும்படி பிடிக்காது. டிரான்ஸத்துக்கும் இன்ஜின் பெட்டின் மரத்துக்கும் எபாக்ஸி, மற்ற இடத்தில் ஒழுங்காகத் தேய்த்த பரப்பில் பாலியஸ்டர் என்பது நம் கரைக்கும் நம் விலைக்கும் ஒத்துவரும். ஸ்ட்ரிங்கருக்குள் மரம் வேண்டுமா என்றால், சுமையைத் தாங்குவது மேலே போர்த்திய ஃபைபர் என்று தடிப்பைக் கணக்கிட்டுப் போட்டால் ஃபோம் அச்சே போதும். இன்ஜின் போல்ட் இறங்கும் இடத்துக்கு மட்டும் கெட்டி மரமோ இரும்புத் தகடோ வேண்டும்.

டெக்குக்கு வருவோம். அமுங்கும் டெக் மேல் இரண்டு மேட் போட்டுத் தருவது மலிவான வழி. ஒரு தகட்டின் விறைப்பு அதன் தடிப்பின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. நடுவில் 12 மி.மீ. பிளை இருந்தபோது கிடைத்த விறைப்பு, அது மக்கிய பிறகு மேலே ஏற்றும் இரண்டு மி.மீ. ஃபைபரில் திரும்பாது. எடைதான் ஏறும். பிளை வாங்கும்போது ஐ.எஸ். 710 முத்திரையைப் பாருங்கள். ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று கடையில் நீட்டுவது பல நேரம் 303. போடும் முன் அடிப்பக்கத்தையும் நான்கு ஓரத்தையும் ரெசினால் மூடுங்கள். கொக்கி, கிளீட் என எதற்குத் துளை போட்டாலும் பெரிதாகப் போட்டு, எபாக்ஸி பேஸ்ட்டால் அடைத்து, அது இறுகிய பிறகு அதன் நடுவில் மறுபடி துளையிடுங்கள்.

இதெல்லாம் தெரிந்தும் டெக்கை மட்டும் மாற்றித் தருகிறோம் என்றால், காரணம் நாள்தான். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அவை எப்படியும் கரையில்தான் கிடக்கும். ஃபைபர் நாட்டுப்படகுக்கு அந்தத் தடை இல்லை. பட்டறையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் அந்த வீட்டுக்கு வருமானம் போன நாள். அவர் அவசரப்படுவதில் தப்பே இல்லை. அதனால்தான் மதிப்பீட்டை இரண்டாகப் பிரிக்கச் சொல்கிறேன். முதல் தாள் திறந்து பார்ப்பதற்கு மட்டும்: சின்னத் தொகை, ஒரு நாள் வேலை, துளை போட்ட இடங்களின் படம். இரண்டாம் தாள் அதைப் பார்த்த பிறகு. உரிமையாளரை நேரில் நிற்க வைத்து அந்தக் கருத்த சேற்றைக் கையில் கொடுத்தால் பேரம் பாதியாகக் குறைகிறது என்பது என் அனுபவம்.

அதற்கும் ஒப்பாமல் டெக் மட்டும் போதும் என்பவருக்குச் செய்து கொடுங்கள், வேலையை மறுக்க வேண்டாம். ரசீதில் மட்டும் ஒரு வரி சேர்த்து எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்: ‘மேல்தளம் மட்டும் மாற்றப்பட்டது, ஸ்ட்ரிங்கர் திறந்து பார்க்கப்படவில்லை.’