உப்புத் தண்ணீர் மீது சுமத்தப்படும் வழுக்கை

எளாவூர் தொடங்கிப் பழவேற்காடு ஏரிக்கரையின் மீனவக் குப்பங்கள் வரை, நிலத்தடி நீர் உவர்ப்பேறிய இடங்களில் எல்லாம் தலைமுடி உதிர்வுக்கு முதல் காரணமாகச் சொல்லப்படுவது ‘உப்புத் தண்ணி’. அதனால் கொட்டிய முடியைத் தக்க மூலிகை எண்ணெய் மீண்டும் முளைக்கச் செய்யும் என்பது அதே நம்பிக்கையின் மறுபாதி. தமிழ்நாடு முழுவதும் சிறுசிறு மாற்றங்களோடு வழங்கும் இந்த எண்ணம் தீங்கற்றதாகத் தோன்றினாலும், முடி வளர்ப்புச் சந்தையின் மூலதனமே இதுதான். கோளாறின் காரணம் தலைமேல் ஊற்றப்படும் ஒரு பொருளில் இருக்கிறது என்று ஒருவர் ஏற்றுக்கொண்ட பிறகு, தீர்வும் தலைமேல் ஊற்றப்படும் இன்னொரு பொருளில் இருக்கிறது என்று அவரை நம்பவைக்க விற்பவர் அதிகம் உழைக்க வேண்டியதில்லை.

இந்த நம்பிக்கைக்கு எதிரான முதல் சான்று வழுக்கைத் தலையிலேயே இருக்கிறது. குளிக்கும் நீர் தலை முழுவதையும் ஒன்றுபோல் நனைக்க, வழுக்கையோ நெற்றியோரத்திலும் உச்சியிலும் ஏறி, காதோரத்தையும் பிடரியையும் விட்டுவைக்கிறது. ஒரே தொட்டி நீரில் குளிக்கும் அண்ணனுக்குச் சொட்டை விழுவதையும் தங்கைக்குப் பின்னல் நீள்வதையும் நீரைக்கொண்டு விளக்க முடியாது. ஆண் இயக்குநீரையும் மரபையும் கொண்டு விளக்கலாம். பருவமடையும் முன்பே விரை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதையும், டெஸ்டோஸ்டிரோன் செலுத்தப்பட்டபோது அவர்களுள் வழுக்கை மரபுடையோருக்கு அது தோன்றியதையும் 1942இல் அமெரிக்க உடற்கூற்றியலாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் எடுத்துக்காட்டினார். டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உடலே உருவாக்கும் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்னும் பொருள், மரபால் அதற்கு ஆட்படும் மயிர்க்கால்களை, அதாவது தோலுக்குள் புதைந்து முடியை உருவாக்கும் நுண்ணிய உறைகளை, ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகச் சுருங்கச் செய்கிறது. தடித்த முடி பூனைமயிராக மெலிவது இப்படித்தான்.

உவர்நீர் முடியை ஒன்றுமே செய்வதில்லை என்பதல்ல வாதம். அது நுரையைக் கெடுக்கும், முடியைச் சொரசொரப்பாக்கும், சிக்குப்பிடிக்க வைக்கும். கோயம்புத்தூர் ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், உப்புகள் மிகுந்த கடின நீரில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஊறிய முடிக்கும் வாலைவடிநீரில் ஊறிய முடிக்கும் இழுவலிமையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பின்னர் வந்த சில ஆய்வுகள் வலிமை குறைவதாகக் கூறின. இரண்டு தரப்பும் சோதித்தது வெட்டியெடுத்த முடியை, அதாவது உயிரற்ற தண்டை மட்டுமே என்பது கவனிக்கத்தக்கது. தண்டு நடுவில் ஒடிவது வேறு, வேரிலிருந்து கழல்வது வேறு; இவ்விரண்டையும் ‘முடி கொட்டுது’ என்ற ஒரே முறையீட்டில் அடக்குவதால்தான் குழப்பம் தொடர்கிறது.

எண்ணெய் பலிப்பதாகத் தோன்றுவதற்கும் உடலியல் காரணம் உண்டு. தலைமுடிகளில் பெரும்பாலானவை இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வளரும் நிலையிலும், பத்தில் ஒரு பங்களவு ஏறத்தாழ மூன்று மாதம் ஓய்வு நிலையிலும் இருக்க, ஓய்வு முடிந்தவை நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பே. டைபாய்டு, டெங்கு போன்ற கடுங்காய்ச்சலுக்கோ மகப்பேற்றுக்கோ பிறகு ஏராளமான முடிகள் ஒரே சமயத்தில் ஓய்வு நிலைக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக உதிர்கின்றன. காரணம் மறந்துபோன அந்த நேரத்தில் கண்ணுக்குப் படுவது குளியலறைத் தண்ணீர்தான். பழியை அதன்மேல் போட்டு எண்ணெய் வாங்கும் நாள், உதிர்வு உச்சத்தில் இருக்கும் நாளாகவே பெரும்பாலும் அமைகிறது. அதன்பின் எதைத் தடவினாலும், எதையும் தடவாவிட்டாலும், சில மாதங்களில் முடி திரும்பிவிடும். அந்தப் புகழைப் புட்டி எடுத்துக்கொள்கிறது. இரத்தசோகையாலோ தைராய்டு குறைபாட்டாலோ முடி இழக்கும் பெண்ணுக்கோ அது தானாகத் திரும்புவதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓர் இரத்தப் பரிசோதனைக்குப் போயிருக்க வேண்டிய மாதங்கள் எண்ணெய்க்குப் போகின்றன.

மைசூரு மாவட்டத்து ஹுன்சூர்ப் பகுதியில் ஹக்கிப்பிக்கி மக்கள் தயாரிக்கும் ‘ஆதிவாசி’ எண்ணெய்க்குத் திரைப் பிரபலங்கள் விளம்பரம் செய்தபோது, அம்மக்களின் நீண்ட கூந்தலே சான்றாகக் காட்டப்பட்டது. கூந்தல் எவ்வளவு நீளலாம் என்பதை வளர்நிலையின் கால அளவு தீர்மானிக்கிறது, அது பெரிதும் மரபுவழிப்பட்டது என்பதை எந்த விளம்பரமும் சொல்லாது.

மெய்யான மருந்துகளின் பேச்சு இவ்வளவு உரத்ததல்ல. இரத்தக் கொதிப்புக்கான மினாக்சிடில் மாத்திரையை உண்டவர்களுக்கு உடலெங்கும் முடி வளர்ந்ததைக் கண்டு, அதைத் தலையில் பூசும் நீர்மமாக்கிய அப்ஜான் நிறுவனம், 1988இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ‘மீளப்பெறு’ எனப் பொருள்படும் ‘ரீகெய்ன்’ என்ற பெயர் மிகையான உறுதியளிப்பதாகக் கருதப்பட்டதால், அங்கு அது ‘ரோகெய்ன்’ ஆயிற்று. 1997இல் ஒப்புதல் பெற்ற ஃபினாஸ்டிரைடு என்னும் மாத்திரை 1,553 ஆண்களிடம் சோதிக்கப்பட்டபோது, ஓர் அங்குல விட்டமுள்ள வட்டத்தில் இருந்த சராசரி 876 முடிகளோடு ஓராண்டில் கிடைத்த ஆதாயம், வெற்று மாத்திரை உண்டவர்களோடு ஒப்பிட 107 முடிகள் மட்டுமே. இரு மருந்துகளையும் நிறுத்தினால் பலனும் போய்விடும். ஃபினாஸ்டிரைடு சிலருக்குப் பாலியல் கோளாறுகளையும் தருவதால் மருத்துவர் சீட்டின்றி உண்ணத்தக்கதல்ல. உடலின் உட்செயலில் தலையிடும் மருந்துக்கே எல்லை இவ்வளவென்றால், ஆறு வாரத்தில் அடர்கூந்தல் என்னும் வாக்குறுதியின் மதிப்பு எளிதில் விளங்கும்.

சட்டம் உறங்கிவிடவில்லை. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ‘ஜே’ அட்டவணை, குணப்படுத்துவதாக மருந்துகள் உரிமை கொண்டாடக் கூடாத நோய்களின் வரிசையில் வழுக்கையையும் வைத்திருக்கிறது. கேரளத்தில் ‘தாத்ரி’ கூந்தல் பூச்சு பலிக்கவில்லை என்று ஒருவர் தொடுத்த வழக்கில், திருச்சூர் மாவட்ட நுகர்வோர் மன்றம் நிறுவனத்துக்கும் விளம்பரத்தில் தோன்றிய நடிகருக்கும் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. தாம் தலைக்குப் பூசுவது தம் தாய் காய்ச்சும் எண்ணெயையே என்று நடிகர் வாக்குமூலம் அளித்திருந்தார். தாயின் கைப்பக்குவத்துக்கும் சான்று கேட்டிருக்கலாம்தான். ஆனால் அதை அவர் யாருக்கும் விற்கவில்லை.

தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்று மாரிகோ நிறுவன ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்டது பயனுள்ள செய்தி. ஆனால் அது தண்டைப் பற்றியது, வேரைப் பற்றியதல்ல. சிறு புட்டிகளில் விற்கப்படும் சுத்தமான தேங்காய் எண்ணெய் தலைக்கா சமையலுக்கா என்ற வரி வழக்கு, சேலம் கலால் ஆணையரின் மேல்முறையீடாக உச்ச நீதிமன்றம் வரை போனது. கூந்தல் எண்ணெய்க்கு அப்போது 18 விழுக்காடும் சமையல் எண்ணெய்க்கு 5 விழுக்காடும் சரக்கு சேவை வரி இருக்க, தயாரிப்பாளர்கள் அது சமையல் எண்ணெயே என்று வாதாடினர். 2024 டிசம்பரில் நீதிமன்றமும், கூந்தல் எண்ணெய் என்று முகப்புச் சீட்டில் குறிக்கப்படாதவரை அவ்வாறே கொள்ளலாம் எனத் தீர்ப்பளித்தது.