கடல் வஞ்சிக்கவில்லை

2004 டிசம்பர் 26ஆம் நாளைப் பற்றி எழுதப்புகும் நம் எழுத்தாளர் பலர் இன்றும் கைவிடாத தொடர்கள் இரண்டு உள: ஒன்று "கடலின் சீற்றம்", மற்றொன்று "கடலன்னையின் வஞ்சகம்". நிந்தவூர்க் கரையில் நின்று இவற்றைப் படிக்கும்போது எனக்குச் சினமே மூள்கிறது. கடலுக்குச் சீற்றமும் இல்லை, வஞ்சகமும் இல்லை. உண்டென்று எழுதுவது, பொறுப்புடையோரைத் தப்பவைப்பதேயாகும்.

நடந்தது என்ன? இந்தியப் புவித்தகடு சுந்தா அகழியில் அயல் தகட்டின் கீழ் ஆண்டுதோறும் சில சென்ரிமீற்றர் அமிழ்ந்து வருகிறது. நெடுங்காலம் பூட்டுண்டு கிடந்த அதன் விளிம்பு, அன்று காலை 6.58 மணிக்குச் சுமாத்திராவின் மேற்கே நெகிழ்ந்தது. பிளவு வடக்கு நோக்கி 1,200 கிலோமீற்றர் ஓடியது. கடற்றளம் உயர்ந்தது, அதன்மேல் நின்ற நீர்த்திரளும் உயர்ந்தது. இதில் வஞ்சகம் எங்கே?

முன்னறிவிப்பும் இருந்தது. பாறையினூடே அதிர்வலைகள் நொடிக்கு 8 கிலோமீற்றர் அளவில் விரைவன. சில நிமிடங்களில் அவை பல்லேகலையிலுள்ள நிலநடுக்கமானியை எட்டின. இலங்கைத் தரை 9 சென்ரிமீற்றருக்கு மேல் அசைந்தது. நீரலையோ நம் கரையை அடைய ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமாயிற்று. கைக்குழந்தையை ஏந்திய தாயும் மேற்கே வயற்புறம் நடந்து சேரப் போதிய நேரம் அது!

ஹவாய்த் தீவுகளிலிருந்த எச்சரிக்கை நிலையம் ஏறத்தாழ 15 நிமிடங்களில் செய்தி அனுப்பியது; ஆனால் அது பசுபிக் நாடுகளுக்கான செய்தி. அக்கடலில் 1949 முதல் இருந்த காவல் இந்து சமுத்திரத்துக்கு ஏன் இல்லை? இங்கே பேரலை அரிது என்பர். அரிது என்றால் இல்லை என்று பொருளா? 1883இல் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தபோது, நம் மாவட்டத்துப் பாணமையிலேயே அலையால் ஒரு பெண் உயிரிழந்ததாகப் பதிவு உண்டு. உண்மை விடை வேறு: ஏழைகளின் கரைக்குக் காவல் வைக்க எவரும் முந்தவில்லை. விளைவு, இலங்கையில் 30,000க்கும் மேற்பட்ட உயிர்கள்; அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேல். அவர்களுள் அலைவாய்க்கு மிக அருகே குடியிருந்தோர் யார்? கரைவலை இழுத்து உண்டவர்களே.

"இறைவன் நாட்டம்" என்போருடன் எனக்கு வழக்கில்லை. ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே தவக்குல் என்பது நம் மார்க்கம் கற்பித்த பாடமன்றோ? கட்டாதவர் யார் எனக் கேட்பது ஈமானுக்கு முரணாகாது.

இன்று எச்சரிக்கை ஏற்பாடு உண்டு. 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் நடுங்கியபோது கரையோர மக்கள் விலகிச் சென்றனர். பேரலை வரவில்லை, "பொய்ச் செய்தி" எனச் சிலர் நகைத்தனர். அன்று பாறைகள் பக்கவாட்டில் வழுக்கியதால் கடற்றளம் பெரிதாக உயரவில்லை என்பதை அவர்களுக்கு விளக்கியவர் எத்தனை பேர்? விளக்கப்படாத எச்சரிக்கையை அடுத்த முறை எவர் மதிப்பார்?

ஆசிரிய நண்பர்களே, புவியோட்டையும் கருவையும் படம் வரைந்து புள்ளி பெறும் பாடமாகவே வைத்திருக்கிறோம். அது உயிர்காக்கும் பாடம். கரும்பலகையில் மட்டுமன்று, கரைவலை வாடிகளிலும் பள்ளிவாசல் முற்றங்களிலும் அதனைச் சொல்வோம். அதன் பின்னும் ஓர் உயிர் போகுமாயின், கடலைப் பழிக்காது, அரசைக் கேள்வி கேட்கும் மக்களாக நாம் நிற்போம்.