இணைப்பு யாருடைய விருப்பம்?

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், சோகநாசினி ஆற்றங்கரையில் உள்ள நகராட்சியின் பெயர் சித்தூர்-தத்தமங்கலம். ஊர்கள் இரண்டு, நகராட்சி ஒன்று. கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்த இந்தப் பகுதியைச் சூழ்ந்திருந்தது சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டம். வேறோர் ஆட்சிப் பரப்பின் நடுவே இருந்த இரு சிற்றூர்கள் ஒரே நிர்வாகத்தின்கீழ் வந்ததில் வியப்பில்லை. ஆனால், ஓர் ஊரின் பெயர் இன்னோர் ஊரில் கரைந்துவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

சிறு ஊர்கள் தங்கள் உள்ளாட்சிகளை ஏன் இணைத்துக்கொள்ள விரும்புகின்றன என்ற கேள்விக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விடை பணம். ஒரு சிறிய ஊராட்சியால் தனக்கென ஒரு பொறியாளரையோ, குப்பைக் கிடங்கையோ, குடிநீர்த் திட்டத்தையோ வைத்துக்கொள்ள முடிவதில்லை. இந்த விடையில் உண்மை உண்டு. ஆனால், தமிழகத்தில் அதற்குள்ள பொருள் கேரளத்தில் இல்லை. தமிழகத்தில் சுமார் 12,500 கிராம ஊராட்சிகள். கேரளத்தில் 941 மட்டுமே. அங்கே ஓர் ஊராட்சி என்பதே நம் கணக்கில் பல ஊராட்சிகளின் தொகுப்பு. பேரூராட்சி என்ற இடைப்படியும் அங்கு இல்லை. ஆகவே குமுளி, கொழிஞ்சாம்பாறை போன்ற எல்லைச் சந்தை ஊர்கள் கடைத்தெருவும் பேருந்து நிலையமுமாக வளர்ந்த பின்னும் கிராம ஊராட்சிகளாகவே நீடிக்கின்றன.

இணைப்பின் பக்கம் உள்ள நியாயத்தைக் காண மூணாறுக்குத்தான் போக வேண்டும். சுற்றுலாப் பயணிக்கு மூணாறு ஒன்றே. நிர்வாகத்துக்கோ அது மூணாறு, பள்ளிவாசல், சின்னக்கானல், தேவிகுளம் எனப் பல ஊராட்சிகள். விடுதி கட்டப்படும் இடம் ஓர் ஊராட்சி. கட்டட வரி அதற்கே. அந்த விடுதியின் விருந்தினரால் நெரிசலாகும் சாலையும் குவியும் குப்பையும் பெரும்பாலும் இன்னோர் ஊராட்சிக்கு. வரவும் செலவும் வெவ்வேறு கைகளில் இருக்கும்போது, இரண்டையும் ஒரே கையில் சேர்ப்பது அறிவுடைமைதான்.

ஆனால், அதே மூணாறில் வரலாறு எதிர்த்திசையில் நடந்தது. 2010-ல் மூணாறு ஊராட்சியிலிருந்து இடமலைக்குடி பிரிக்கப்பட்டு, கேரளத்தின் முதல் பழங்குடியினர் ஊராட்சியானது. காட்டுக்குள் சிதறிக் கிடக்கும் குடிகளில் வாழும் முதுவர் மக்களுக்கு மூணாறு எட்டாத தூரம் என்பதே காரணம். வேடிக்கை என்னவென்றால், பிரித்த பிறகும் ஊராட்சி அலுவலகம் பல ஆண்டுகள் தேவிகுளத்திலிருந்துதான் இயங்கியது. எல்லையை மாற்றினால் மட்டும் நிர்வாகம் மக்களிடம் வந்துவிடாது. இது பிரிப்பவர்களுக்கும் பொருந்தும், இணைப்பவர்களுக்கும் பொருந்தும்.

சிறிய உள்ளாட்சி என்றால் பலவீனமான உள்ளாட்சி என்று எண்ணுவோர் பெருமாட்டியை நினைவில் கொள்ள வேண்டும். சித்தூர் வட்டத்தில் உள்ள இந்த ஊராட்சியின் பிளாச்சிமடையில் 2000-ல் கோகோ கோலா ஆலை இயங்கத் தொடங்கியது. கிணற்று நீர் கெட்டதைக் கண்டு மக்கள் போராடினர். 2003-ல் ஊராட்சி ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது; 2004 மார்ச்சில் ஆலை மூடப்பட்டது. தனக்கு வருவாய் தந்த ஆலையை எதிர்த்து உயர்நீதிமன்றம் வரை சென்றது ஒரு கிராம ஊராட்சி. பிளாச்சிமடை ஒரு பெரிய நகராட்சியின் ஓரத்து வார்டாக இருந்திருந்தால், அதன் கிணறுகளுக்காக மொத்த மன்றமும் வருவாயை இழக்கத் துணிந்திருக்குமா என்பது ஐயமே.

தமிழகத்தில் 16 மாநகராட்சிகளையும் 41 நகராட்சிகளையும் விரிவாக்க 2024 இறுதியில் முடிவெடுக்கப்பட்டபோது, அருகிலிருந்த கிராம மக்கள் வீதிக்கு வந்ததும் இதனால்தான். வரி உயரும் என்ற அச்சம் ஒருபுறம். நூறு நாள் வேலை போய்விடும் என்ற அச்சம் அதைவிடப் பெரிது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் வேலை நாள்களை 125 ஆக்கினாலும், அதுவும் ஊரகக் குடும்பங்களுக்குத்தான். நகரங்களுக்கென அய்யன்காளி பெயரில் தனி வேலை உறுதித் திட்டம் கண்ட கேரளம் இந்த இடத்தில் முன்னோடி என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஏலத்தோட்டக் கூலித் தொழிலாளி வாழும் ஊரை நகரம் என்று அறிவித்துவிட்டால், அவர் நகரவாசியாகி விடுவதில்லை.

இவ்வளவு பெரிய மாற்றத்தை முடிவு செய்பவர் யார்? அரசியல் சட்டத்தின் 243-கியூ பிரிவு, மக்கள்தொகை, வருவாய், வேளாண்மை சாராத தொழில் ஆகியவற்றைக் கருதி ஆளுநர் அறிவிக்கை வெளியிட்டால் போதும் என்கிறது. அதாவது மாநில அரசு நினைத்தால் போதும். கிராம சபையின் ஒப்புதலை அந்தப் பிரிவு கேட்கவில்லை. 2015-ல் கேரள அரசு அமைத்த 69 புதிய ஊராட்சிகள் உயர்நீதிமன்றத்தில் நிற்கவில்லை. வருவாய்க் கிராமங்களைப் பிளந்த முறையே அங்கு பிழையானது, மக்களைக் கேட்காததல்ல.

கேட்டால் மக்கள் மறுத்துவிடுவார்கள் என்பது ஆட்சியாளர்களின் அச்சம். சுவிட்சர்லாந்தின் மலைப்பகுதியான கிளாருஸ் அதைப் பொய்யாக்கியது. அப்போது 40,000 பேர்கூட இல்லாதிருந்த அந்த மாநிலத்தில் 25 ஊராட்சிகளைப் பத்தாகக் குறைக்க அரசு முன்மொழிந்தது. 2006-ல் திறந்தவெளியில் கூடிய மக்கள் மன்றத்தில் ஒரு குடிமகன் எழுந்து, மூன்று போதும் என்றார். மன்றம் கை உயர்த்தி ஏற்றது. 2011 முதல் அங்கு மூன்றே ஊராட்சிகள். மானியத்தைக் குறைத்தும் சலுகைக் கடன் காட்டியும் இணைப்பைத் தூண்டிய ஜப்பானில், 1999-ல் 3,232 ஆக இருந்த உள்ளாட்சிகள் 2010-ல் 1,727 ஆயின. எண்ணிக்கைக் குறைப்பில் ஜப்பானும் சாதித்தது. ஆனால், விருப்பம் என்ற சொல் கிளாருசுக்கே முழுமையாகப் பொருந்தும்.

எல்லைத் தமிழருக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. 1956 மொழிவழிப் பிரிவினையில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றுவிட்டன. அங்கும் சித்தூர் வட்டத்திலும் வாழும் தமிழர், தங்கள் மொழியில் மனு கொடுத்துப் பதில் கேட்கும் இடம் ஊராட்சி அலுவலகம். பல வார்டுகளில் பெரும்பான்மையாக உள்ளவர்கள், ஊராட்சி விரிவடைந்தால் மொத்தத்தில் சிறுபான்மையாகலாம். இது நிர்வாகச் சீர்திருத்தத்தின் பக்கவிளைவு என்று ஒதுக்கிவிடக் கூடியதல்ல.

இணையாமலே சேர்ந்து செயல்பட வழியில்லையா? நம் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களில் பல ஊராட்சிகள் ஒரே குழாயிலிருந்து நீர் பெறுகின்றன. எந்த ஊராட்சியும் அதற்காகத் தன்னைக் கலைத்துக்கொள்ளவில்லை. மறையூர், காந்தளூர் பகுதிக்கு அஞ்சுநாடு என்ற பெயர் நிலைத்ததும், ஐந்து ஊர்கள் தத்தம் பெயரை விடாமல் ஒரு நாடாக நின்றதால்தான். மூணாறைச் சுற்றிய ஊராட்சிகள் குப்பைக்கும் போக்குவரத்துக்கும் ஒரு கூட்டு அமைப்பை ஏற்படுத்தி, விடுதி வரியில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்கலாம். அதன் பிறகும் இணைப்பு தேவை என்றால், சம்பந்தப்பட்ட ஒவ்வொரு ஊராட்சியின் கிராம சபையும் தனித்தனியே கூடி ஒப்புதல் அளித்தாலன்றி அறிவிக்கை வெளியிடக்கூடாது என்று கேரளம், தமிழகம் ஆகிய இரு மாநிலங்களும் தங்கள் சட்டங்களைத் திருத்த வேண்டும். அதற்கு நாடாளுமன்றத்தின் அனுமதி தேவையில்லை.