ஊற்றின் அருகே வாழ்வோர்



எசேக்கியேல் நூலின் 34ஆம் அதிகாரத்தை நல்லாயனைப் பற்றிய பகுதியாகவே நாம் அறிவோம். ஆனால் அங்கே ஆடுகள்மீதும் ஒரு குற்றச்சாட்டு உண்டு. தெளிந்த நீரைத் தாம் குடித்துவிட்டு, எஞ்சியதைக் காலால் கலக்கி, பின்வரும் ஆடுகளுக்குக் கலங்கல் நீரை விட்டுவைத்தவற்றை ஆண்டவர் கண்டிக்கிறார். மலையகத்தில் வாழும் நாம் இவ்விடத்தில் சற்று நின்று வாசிக்க வேண்டும். இந்நாட்டில் முதலில் குடிப்பவர்கள் நாம் அல்லவா?

அக்கரப்பத்தனைப் பக்கமாக இறங்கும் ஆக்ர ஓயா, நானுஓயாவோடு சேர்ந்து கொத்மலை ஓயாவாகி மகாவலியில் கலக்கிறது. 335 கிலோமீற்றர் நீளமான அந்த ஆறு திருகோணமலைக்கு அண்மையில் கடலை அடைகிறது. நோர்வூட் வழியாக ஓடும் கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கித்துல்கலைப் பக்கத்தில் ஒன்றாகிக் களனி கங்கையாகின்றன. கொழும்பின் குடிநீரில் பெரும்பகுதி அந்த ஆற்றின் நீரே. அங்கே கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகள் குடிப்பதும் அதையே.

"சுவாமி, இந்த நிலம் எங்களுடையதா? காணியே இல்லாதவனிடம் காணியைப் பேணச் சொல்வதா?" என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வி. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. நிலம் அரசினுடையது, குத்தகை கம்பனியுடையது, லயத்தில் வாழ்பவருக்கோ உறுதிப்பத்திரம் இல்லை. ஆகவே லயத்துக்குக் கீழே ஓடும் ஓடை எவருக்கும் உரியதல்ல என்றாகிவிட்டது. பொலித்தீனும் குழந்தைகளின் பம்பர்ஸும் அதில் விழுகின்றன.

தோட்ட மக்களுக்குச் சுத்தம் தெரியாது என்று நகரத்தார் சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், சபையின் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட இடமளிக்கவில்லை. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. குப்பை அள்ளும் உழவு இயந்திரம் வராத இடத்தில் குப்பை எங்கே போகும்? எனினும், நம் பங்குத் திருவிழா முடிந்த மறுநாள் ஓடையில் கிடக்கும் பிளாஸ்டிக் தட்டுகளுக்கு எந்தச் சட்டத்தையும் காரணம் காட்ட இயலாது.

ஆற்றைக் கலக்கும் சேற்றில் பெரும்பங்கு லயத்திலிருந்து வருவதல்ல. தேயிலை செத்து வெறுமையான சரிவுகள், கான் வெட்டாமல் விடப்பட்ட மலைகள், ஓடைக்கரை வரை இறங்கிய மரக்கறித் தோட்டங்கள் ஆகியவற்றிலிருந்தே அது வருகிறது. மறுநடுகைக்கு முன் மானாப்புல் வளர்த்து மண்ணைத் தேற்றும் வழக்கத்தையும், எந்தச் சரிவில் எப்படிக் கான் வெட்டுவது என்பதையும் நம் முதியவர்கள் அறிவார்கள். மண்ணைப் பற்றிய பொதுக்கல்வி என்றால் அதிகாரி பேச மக்கள் கேட்பது மட்டும்தானா? அவர்கள் பேச மற்றவர்கள் கேட்பதும் அதில் அடங்கும்.

2014இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையையும், 2025 நவம்பரில் டித்வா புயலையும் கண்டோம். அத்தகைய மழையை எந்தக் கானும் தாங்காது. மடிந்தவர்கள்மீது பழி சுமத்துவது பாவம். ஆனால் நிலத்தில் வெடிப்பு, சாயும் மரங்கள், திடீரெனக் கலங்கும் ஊற்று ஆகியவை மண்சரிவின் முன்னறிகுறிகள் என்பதைச் செபம் கற்பிப்பது போலவே நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும்.

நிலம் தம்முடையது என்றும், மக்கள் தம்மிடம் தங்கியிருக்கும் விருந்தினர் என்றும் லேவியர் நூலில் (25:23) ஆண்டவர் அறிவிக்கிறார். அவர்முன் உறுதிப்பத்திரம் உடையவரும் குத்தகைக்காரரும் லயத்தில் வாழ்பவரும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். காணி இல்லாததால் நம் கடமை நீங்கிவிடுவதில்லை; அக்காணியைப் பற்றிப் பேசும் உரிமையும் நம்மைவிட்டுப் போவதில்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடல், பூமியின் துயரையும் ஏழையின் துயரையும் பிரித்துப் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிறு மறைக்கல்வி வகுப்பைப் பீலிக்கரையில் நடத்தலாம். நீர் எங்கே ஊறுகிறது, ஊற்றுக்கு மேலே என்ன கொட்டப்படுகிறது, கீழே யார் குடிக்கிறார்கள் என்று பிள்ளைகளே கண்டு எழுதட்டும். 2025 மே மாதம் தெரிவான பிரதேச சபை உறுப்பினரிடம், எங்கள் டிவிசனுக்குக் குப்பை வண்டி எந்த நாளில் வரும் என்று எழுத்தில் கேளுங்கள். எங்கள் மலையில் கான் எப்போது வெட்டப்படும் என்று தோட்ட நிர்வாகத்திடமும் கேளுங்கள். கடிதத்தில் பங்குத்தந்தையின் கையொப்பமும் வேண்டுமென்றால் தயங்காமல் அறைவீட்டுக் கதவைத் தட்டுங்கள். அதுவும் அவருடைய பணியே.